நாலாவது குழாய்

வில்லுக்குறிக் குளத்தங்கரையில்
மூன்று இரவு நற்செய்திக் கூட்டம்.
பந்தல் போட்டவர் பெயர், நாற்காலி தந்தவர் பெயர்,
காணிக்கைக் கணக்கு
எல்லாம் அறிவிப்பது நான்.
முப்பத்தோரு வருஷமாக அதுதான் என் ஊழியம்.
தென்னையில் நாலு குழாய் கட்டச் சொன்னதும் நான்தான்.
மூன்று, ரோட்டைப் பார்த்து.
நாலாவது, ஓடைக்கு அக்கரையில்
அய்யாவழிக்காரர்களின் பத்து வீட்டைப் பார்த்து.
அவங்களும் கேக்கட்டும் என்றேன்.
மைக்செட் பெலிக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் இரவு,
பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் உண்டென்று
வெளியூர்ப் பிரசங்கியார்
தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தபோது
மேடைக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள்.
நனைந்த குடை. நெற்றியில் வெள்ளை நாமம்.
அண்டியாபீசில் வேலை செய்யும் பொன்வடிவு.
"அண்ணே, கோவப்படப்பிடாது.
அந்த ஒரு கொழாய மட்டும் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா?
ஆசாரிப்பள்ளத்துல அவருக்கு இன்னைக்கு டயாலிசிஸ்.
வந்தா ஒறங்கணும். ஒறக்கம் வரல்ல."

நிறுத்தச் சொல்லவில்லை.
திருப்பத்தான் சொன்னாள்.
மேலே அது
இளைப்பாறுதல் இளைப்பாறுதல் என்று
அவள் வீட்டு ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

பெலிக்ஸ் ஏறப் போனான்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன்,
ஐம்பத்தெட்டு வயசில், ஆடுகிற ஏணியில்.
ஒயரைப் பிடுங்கியதும்
அக்கரையில் தவளைச் சத்தம் கேட்டது.
இத்தனை வருஷக் கூட்டத்தில்
அங்கே தவளை உண்டென்றே எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில்
வெறுங்கையோடு போக மனசில்லாமல்
ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிப் போனேன்.
பையில் ஆறு கைப்பிரதியும் இருந்தது. மறைப்பானேன்.
பொன்வடிவு பழத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.
"வாழப்பழம் அவருக்கு ஆவாதுண்ணே.
கிட்னிக்காரங்களுக்கு அது வெஷம்."
சுவரில் அவர்கள் கும்பிடும் கண்ணாடி.
அதற்குள்
சீப்பும் கையுமாக நான்.

வைகுண்டதாஸ் ஒருச்சாய்ந்து கிடந்தார்.
ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த கை.
இப்போது அதில்தான் ஊசித் தழும்புகள்.
தலைமாட்டில் சில்வர் டம்ளர்,
பாதிக்கும் கீழே ஆணியால் கீறிய கோடு.
ஒரு வேளைக்கு அதுவரைதான் தண்ணீர்.

"இருங்க. சத்தம் வச்சே ஆளத் தெரிஞ்சுது.
காணிக்கக் கணக்கு சொல்லுகது நீங்கதான?"
கொஞ்சம் மூச்சு வாங்கினார்.
"ஒண்ணு கேக்கட்டா?
உங்க ஆளு சிலுவையில கெடக்கும்போ
தண்ணி கேட்டாராமே.
குடுத்தானுவளா?"

மைக் இல்லாமல் என் குரல் எவ்வளவு இருக்கும் என்று
எனக்கே தெரியவில்லை.
"காடி குடுத்தானுவ. கடற்பஞ்சுல தோச்சு."
"குடிச்சாரா?"
"ஒரு வாய் வாங்கினாரு.
அதோட தலைய சாச்சிட்டாரு."

அவர் டம்ளரைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"பாவம் மனுசன்" என்றார்.

மகிமை என்று சொல்லியிருக்கிறேன்,
ஜெயம் என்று சொல்லியிருக்கிறேன், எக்கோ வைத்து.
இதை ஒருநாளும் சொன்னதில்லை.

"எங்க அய்யாவும் செயில்ல கெடந்தவருதான்" என்றார்.
அந்தக் கதை எனக்குத் தெரியாது.
இடையில் ஓடை ஒன்றுதான்,
தாண்டினால் முழங்கால் நனையாது.
"சொல்லும்" என்றேன்.
பைய, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.
எங்கேயும் குறுக்கே பேசாமல் இருப்பது
நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கைப்பிரதி பையிலேயே கிடந்தது.
பிள்ளைகளுக்கென்று பாதிப் பழத்தைப் பிய்த்துக்கொண்டு
மீதியைத் திருப்பித் தந்தாள் பொன்வடிவு.

மூன்றாம் இரவு, மூன்று குழாய்.
சத்தம் கம்மியா இருக்கே என்றார் பிரசங்கியார்.
ஜெபக்குறிப்பில் ஏழாவதாக
வைகுண்டதாஸ் பெயரை எழுதி வைத்திருந்தேன்.
மைக் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது,
அவரிடம் கேட்கவில்லை.
ஆறு முடித்து எட்டுக்குப் போனேன்.

நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.
வேண்டாம் என்றாலும்
கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வர வேண்டும்.